ஒரே ஒரு தோட்டாவாம்!

நேற்று ராத்திரி நேரலையில் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்களுக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். "ஒரே ஒரு தோட்டா, உலகப்போர் வந்துடுச்சு, அவ்வளவுதான் சார் வரலாறு" என்று நேரலை நடத்திய அண்ணன் முதல் உலகப்போரைப் பற்றி முழங்கினார். நான் "நடுவில் 37 நாள் இருக்கிறதே" என்றேன். "வாத்தியார் பாடம் எடுக்க வந்துட்டார்" என்று சிரித்துவிட்டு மியூட் போட்டார்கள். சரி, இது என் சுவர். இங்கே யாரும் மியூட் போட முடியாது.

37 நாள். 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவி சோபியும் சுடப்பட்டார்கள். பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. தோட்டா பாய ஒரு நொடி போதும். மீதி 37 நாளும் என்ன நடந்தது? கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, யோசித்து, கையெழுத்துப் போட்டார்கள். சுட்ட பிரின்சிப் என்ற 19 வயதுப் பையன் தலையில் மொத்தத்தையும் கட்டிவிட்டால் இவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்ளலாம், இல்லையா?

கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்றது ஆஸ்திரியா. ஜூலை 5ஆம் தேதி அதன் கூட்டாளியான ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம், ஆஸ்திரியத் தூதரிடம், "நீங்கள் செர்பியாவை என்ன செய்தாலும் நாங்கள் பின்னால் நிற்கிறோம்" என்று வாக்குக் கொடுத்தார். பிளாங்க் செக் என்கிறார்களே, அது இதுதான். கொடுத்துவிட்டு மறுநாளே நார்வே பக்கம் கப்பலில் உல்லாசப் பயணம் கிளம்பிவிட்டார்! ஆஸ்திரியாவும் உடனே பாயவில்லை. பிரெஞ்சு அதிபர் ரஷ்யாவுக்கு வந்திருந்தார். அவர் கிளம்பட்டும் என்று காத்திருந்து, ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை கொடுத்தது. பத்து கோரிக்கைகள், 48 மணி நேரக் கெடு. ஆத்திரத்தில் அறிவிழந்தவன் காலண்டர் பார்த்துக் காத்திருப்பானா? செர்பியா பெரும்பாலானதற்கு இறங்கி வந்தது. எங்கள் மண்ணில் நடக்கும் விசாரணையில் உங்கள் அதிகாரிகள் நுழையக் கூடாது என்று ஒன்றில் மட்டும் உறுதியாக மறுத்தது. பதிலை வாங்கிய கொஞ்ச நேரத்தில் ஆஸ்திரியத் தூதர் ரயிலேறிவிட்டார். மூட்டை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார் போலும்.

இதில் என் வயிற்றைக் கலக்குவது ஜூலை 28தான். அன்று காலை செர்பியாவின் பதிலைப் படித்த அதே வில்ஹெல்ம், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று எழுதி வைக்கிறார். அதே நாளில் ஆஸ்திரியா தந்தி அடித்துப் போரை அறிவிக்கிறது. மறுநாள் செர்பியாவுக்குத் துணை நின்ற ரஷ்யாவின் பேரரசர் ஜார், தான் ஒப்புக்கொண்ட முழுப் படைதிரட்டலை நிறுத்தச் சொல்கிறார். அதற்கடுத்த நாள் அமைச்சரின் வற்புறுத்தலில் மறுபடி ஒப்புக்கொள்கிறார். ஜெர்மனியின் திட்டமோ, ரஷ்யா தயாராவதற்குள் பெல்ஜியம் வழியாகப் போய் ரஷ்யாவின் கூட்டாளி பிரான்சை அடித்து முடிப்பது. ஆக ரஷ்யா படைதிரட்டும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு நஷ்டம். உலகத்துக்கே தெரிந்த கூத்து என்னவென்றால், சண்டையைத் தொடங்கிய ஆஸ்திரியா ரஷ்யா மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6இல்தான். துணைக்கு வந்த ஜெர்மனி ஆகஸ்ட் 1ஆம் தேதியே அறிவித்தாயிற்று. கல்யாண மாப்பிள்ளைக்கு முன்னால் தோழன் தாலி கட்டிய கதை.

"அப்ப கொலைகாரனுக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. அடுத்த கேள்வி.

"விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் 1938 மியூனிக் மாதிரி ஆகிவிடாதா?" இது நியாயமான கேள்வி. ஹிட்லருக்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியைத் தூக்கிக் கொடுத்தும் அடுத்த ஆண்டே போர் வந்தது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கியூபாவில் சோவியத் யூனியன் ஏவுகணைகளை வைத்த 1962ஐயும் பாருங்கள். அக்டோபர் 27, கியூபா மேலே அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். தோட்டா என்ன, ஏவுகணையே பாய்ந்தது. அமெரிக்க அதிபர் கென்னடி திருப்பி அடிக்கவில்லை. துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை எடுத்துக்கொள்ள ரகசியமாக ஒப்புக்கொண்டார். உலகம் பிழைத்தது. ஒரே தோட்டாவில் எல்லாம் முடிந்துவிடும் என்றால் நீங்களும் நானும் நேரலையில் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டோமே!

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். பள்ளியில் என் நண்பன் ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் ஏதோ அற்பத் தகராறு. பேனாவா, இடமா, அதுகூட மறந்துவிட்டது. "நீ போடா, நான் இருக்கேன் பின்னாடி" என்று தள்ளிவிட்டவன் நான்தான். எதிராளியின் அண்ணன்கள் இரண்டு பேர் வந்து நின்றதும் முதலில் ஓடியவனும் நான்தான். நண்பனுக்குக் கை ஒடிந்தது. வில்ஹெல்ம் கப்பலேறிய இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். ஊர்ச் சண்டை பெரிதாவது அடிப்பவனால் அல்ல, பின்னால் நின்று "நான் இருக்கேன்" என்பவனால். நேற்று கமெண்டில் "விடாதீங்கண்ணே, போட்டுத் தள்ளுங்க" என்று வரிசையாக எழுதினீர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"எங்கோ ஐரோப்பாவில் நடந்தது, நமக்கென்ன" என்பவர்களுக்கு ஒன்று. சரயேவோவில் சுட்ட 86ஆம் நாள், செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. செர்பியா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஊரில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

வாத்தியார் என்றதில்கூட எனக்கு வருத்தமில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே யார் யார் சிரித்திருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன், அதுதான் தப்பு. மூன்றாவது பெயர், அந்தக் கை ஒடிந்த நண்பனுடையது.