இங்கிலீஷ் போதும்னு யார் சொன்னது?

"அண்ணா, இத்தாலியில கோர்ஸ் இங்கிலீஷ்லதான். இத்தாலியன் தெரியாட்டியும் சமாளிச்சிடலாம்ல?" இந்த மாதம் மட்டும் நாலு பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். அங்கே சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ நகரத்தில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்: பாஸ் ஆகிவிடலாம். ஆனால் போன ஊரைப் பார்க்காமலே திரும்பி வருவீர்கள்.

என்னை அனுப்பிய ஏஜென்ட்டும் "இங்கிலீஷ் போதும் தம்பி" என்றுதான் சொன்னார். இறங்கி எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு போஸ்ட் ஆபீஸில் விண்ணப்பிக்க வேண்டும். கவுன்ட்டரில் இருந்த அம்மா படிவத்தில் ஒரு கட்டத்தை விரலால் தட்டித் தட்டி ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'கிராட்சியே', அதாவது நன்றி. அதையே நாலைந்து தடவை சொல்லிவிட்டு வெளியே வந்தால், படிவம் கையிலேயே இருக்கிறது.

படிப்பைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. நிறைய பரீட்சை வாய்மொழிதான். 30-க்கு 18 வந்தால் பாஸ். மார்க் பிடிக்கவில்லையா, வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி வரலாம். (நம்ம ஊர் அரியர் கோஷ்டி இதைக் கேட்டால் அழுதுவிடும்.)

ஆனால் அந்த ஊர்! பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம் இருக்கும் ஸ்டேரி மாளிகை 1782 வரை மதவிசாரணை மன்றம்; கத்தோலிக்க மதத்துக்கு மாறானவர்கள் என்று பிடித்துவந்தவர்களை விசாரித்து அடைத்த இடம். சிறைச் சுவரெல்லாம் கைதிகள் வரைந்த புனிதர்கள், சிசிலி மொழியில் கவிதைகள். வழிகாட்டி இத்தாலியனில் விளக்க விளக்க, எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். நான் மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜீசா மாளிகையில் 1149-ஆம் வருடக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தன் அம்மா அன்னாவுக்கு வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபி, அதோடு எபிரேய எழுத்தில் எழுதிய அரபி என்று நாலு விதமாக. அம்மா போன செய்தியை ஊரில் யாருக்கும் விளங்காமல் விட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார் மனுஷன். அப்படிப்பட்ட ஊரில் போய் 'ஒன்லி இங்கிலீஷ்' என்று நிற்பதா?

அங்கே இலங்கைத் தமிழர்கள் நிறைய. சைவர்கள்கூட பெல்லெக்ரீனோ மலை ஏறி ஊரின் காவல் புனிதையான சாந்தா ரோசாலியாவைக் கும்பிட்டு வருவார்கள். பல்லாரோ சந்தையில் மீன்காரனிடம் சிசிலி மொழியிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி எவ்விடம்?" என்றார். மறுநாள் அவரே போஸ்ட் ஆபீசுக்கும் கூட வந்தார். அதே கவுன்ட்டர், அதே அம்மா, அதே கட்டம்.

அக்கா சிரித்துவிட்டார். "வேறொண்டுமில்லை தம்பி. கையெழுத்து வைக்கச் சொல்லுறா."