சாம்பார் என்று தேடினால் மரம் வளராதுதான், அப்புறம்?

காலையிலிருந்து ஆளாளுக்கு அந்த ரீலை எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்தாயிற்று. ஈகோசியா என்பது விளம்பர வருமானத்தில் மரம் நடுகிற ஒரு தேடுபொறி, கூகுள் மாதிரி. சுமார் 45 தேடலுக்கு ஒரு மரம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அதில் ரீல் போட்ட அண்ணன் ‘சாம்பார்’ என்று 45 தடவை தட்டியதையும், மொட்டை மாடிக்குப் போய் நாலாபக்கமும் எட்டிப் பார்த்து “என் மரம் எங்கடா?” என்று கேட்டதையும் பார்த்தேன். நடிப்பு நன்றாகவே இருந்தது. கீழே வரிசையாகப் ‘பச்சை மோசடி’ என்று கமெண்ட்டுகள். தெரிந்தவர்கள் எல்லாம் மறக்காமல் என்னை டேக் செய்திருக்கிறார்கள். நன்றி.

அண்ணே, சாம்பாருக்கு எவன் விளம்பரம் கொடுப்பான்? வெறுமனே தேடுவதால் ஈகோசியாவுக்குக் காசு வருவதில்லை. நீங்கள் விமான டிக்கெட்டோ செருப்போ தேடி, மேலே வருகிற விளம்பரத்தைத் தொட்டால் விளம்பரம் கொடுத்தவர் சில சென்ட் கட்டுகிறார். ரொம்ப வருடமாக மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிதான் பின்னாலிருந்து முடிவுகளும் விளம்பரமும் கொடுத்தது. 2023-லிருந்து கூகுளும் சேர்ந்துகொண்டது. அவர்கள் பங்கு போக மிச்சம் ஈகோசியாவுக்கு. 45 என்பது அவர்களே போட்டுச் சொன்ன சராசரி. ஒரு தேடலுக்கு அரை யூரோ சென்ட், ஒரு மரத்துக்குச் சுமார் 22 சென்ட். விளம்பரத்தையே தொடாத கோடிக்கணக்கான தேடல்களையும் சேர்த்து வகுத்து வந்த எண் அது. எட்டாம் வகுப்புக் கணக்கு. மொட்டை மாடி தேவையில்லை.

நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவன். எனக்குக் கணக்கைத் திறந்து காட்டுகிறவன் மேல் ஒரு மரியாதை உண்டு, அது தொழில் வியாதி. இந்தக் கம்பெனி மாதாமாதம் வரவு எவ்வளவு, மரத்துக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு, தங்கள் விளம்பரத்துக்கு எவ்வளவு என்று யாரும் கேட்காமலே இணையத்தில் போடுகிறது. 2009 டிசம்பரில் பெர்லினில் இதை ஆரம்பித்த கிறிஸ்டியன் க்ரோல், 2018-ல் ஒரு அறக்கட்டளையைப் பங்குதாரராகச் சேர்த்து, கம்பெனியை விற்கவும் முடியாது, லாபத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது என்று தன் கையைத் தானே கட்டிக்கொண்டார். இதுவரை நட்டது 20 கோடி மரத்துக்கு மேல் என்கிறார்கள். நம்ப வேண்டாம். கணக்கைப் படித்துவிட்டு நம்பாமல் இருங்கள் என்றுதான் சொல்கிறேன். கணக்கைத் திறந்து வைத்திருக்கிறவனைப் பார்த்து ‘திருடன்’ என்பது எந்த ஊர் நியாயம்?

கணக்கே காட்டாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பேர் சொல்ல மாட்டேன். மரக்கன்று வாங்கினோம் என்று வெள்ளைத் தாளில் ஒரு தொகையை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்கள். எத்தனை கன்று, எந்த நர்சரி, எங்கே நட்டீர்கள் என்று கேட்டதற்கு “சார், தர்ம காரியத்துல போய் பில் கேக்குறீங்களே” என்றார்கள். அவர்களுடைய பதிவுக்கு உங்களில் எத்தனை பேர் ஹார்ட் விட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது ஆலங்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா தோப்பில் பலா, தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அப்புறம் பேனரோடு ஒரு வண்டி நிறையக் கன்று வந்தது. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் போட்டோவுக்கு வெளிச்சம் போகிறதே என்ற அவசரத்தில் கறுப்புப் பாலிதீன் பையைக் கூடக் கிழிக்காமல் அப்படியே குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். பங்குனி வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்தபோது சித்தப்பா ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நூல்கண்டு மாதிரி இருந்தது. பேனரில் போட்டிருந்த எண்ணிக்கை மட்டும் இன்றைக்கும் அவர்களுடைய இணையப் பக்கத்தில் பசுமையாக இருக்கிறது.

அதனால்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற புர்கினா ஃபாசோவில் ஈகோசியா காசில் நடக்கிற வேலையின் வீடியோவைப் பார்த்தபோது எனக்கு மனது அதிலேயே நின்றது. டிராக்டரில் கட்டிய ஒரு ராட்சசக் கலப்பை, இறுகிப்போன தரையில் பிறை வடிவமாகக் குழி கீறிக்கொண்டே போகிறது. மழைத் தண்ணீர் ஓடிவிடாமல் அதில் நிற்கும், அதன் கரையில் விதை போடுகிறார்கள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் மரம். இதுகூட மோசடியா?

இப்போது வருவார்கள். “விளம்பரம் பார்த்து ஜனங்கள் வேண்டாததை எல்லாம் வாங்குகிறார்கள், அந்தக் காசில் மரம் நடுவது என்ன பசுமை?” வருடா வருடம் போன் மாற்றுகிறவர்கள் இதைக் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தோன்றுவதில்லை. “நட்டால் போதுமா, பிழைக்க வேண்டாமா?” பிழைக்க வேண்டும். அதைத்தானே மேலே சொன்னேன்? நேரில் போயும் செயற்கைக்கோள் படம் வைத்தும் பார்க்கிறோம் என்கிறார்கள். எல்லா இடத்திலும் எல்லா மரமும் நிற்கும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது, எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னை ஏன் கேட்கிறீர்கள்? “தமிழில் தேடினால் ஒன்றும் ஒழுங்காக வருவதில்லை.” உண்மை. நானே தமிழில் தேட வேண்டியிருந்தால் கூகுளுக்குத்தான் போகிறேன். பஸ் நேரம், ஊர்ப் பெயர், பழைய பாட்டு எதுவும் சரியாக வராது. அலுவலக வேலைக்கு, ஆங்கிலத்தில், தாராளமாகப் போதும். “ஜெர்மன்காரனுக்கு நீ ஏன் வக்காலத்து?” ஒரு பைசா வாங்கவில்லை ஐயா.

அதே 2018-ல் ஜெர்மனியில் ஹம்பாக் காட்டை நிலக்கரிக்காக வெட்டப் போன ஆர்.டபிள்யூ.ஈ. என்ற மின்சாரக் கம்பெனியிடம், “10 லட்சம் யூரோ தருகிறோம், காட்டை எங்களுக்கு விற்றுவிடுங்கள்” என்று கேட்டவர்கள் இந்த ஈகோசியாக்காரர்கள். விற்கவில்லை. அதுவும் பப்ளிசிட்டி என்பீர்கள். இருக்கட்டுமே! பப்ளிசிட்டிக்காக உங்கள் ஊர்க் கம்பெனி எந்தக் காட்டுக்கு விலை பேசியது?

எனக்குக் கோபம் அந்த அண்ணன் மேல்கூட இல்லை, அவருக்கு வியூஸ் வேண்டும். என் தாய்மாமா அதைக் குடும்ப குரூப்பில் போட்டு “மாப்ளே, ஒன் மரம் எங்க?” என்று எழுதியிருக்கிறார். கீழே சிரிப்பு எமோஜிகள், அக்கா உட்பட. கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம் என்று சொன்னதிலிருந்தே அங்கே நான் ஒரு ஜோக். ஒருத்தன் ஒரு சின்ன விஷயத்தை நம்பிச் செய்தால் அதில் என்ன ஓட்டை என்று தேடுவதில் உங்களுக்கு இருக்கிற சுறுசுறுப்பு, ஒன்றுமே செய்யாதவனைக் கேட்பதில் ஏன் இல்லை?

ஈகோசியாவின் கடைசி மாதக் கணக்கு லிங்க்கை முதல் கமெண்ட்டில் போடுகிறேன். எந்த வரியில் சந்தேகம் என்று சொல்லிக் கேளுங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன். சிரிப்பு எமோஜி போடுகிறவர்களுக்குப் பதில் கிடையாது. மாமா, உங்களையும் சேர்த்துத்தான்.