தாடிய முதல்ல ஊறவிடுங்கய்யா!

கழுத்து எரியுது. காலர் பட்டாலே எரியுது. நாளைக்கு தம்பி கல்யாணம், மேடைல நிக்கணும், தாடைக்குக் கீழ முழுக்க செவப்பு செவப்பா பொரிப்பொரியா கெளம்பியிருக்கு.

சலூன்ல உக்காந்ததும் ஸ்ப்ரே பாட்டில எடுத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு பச்சத்தண்ணி அடிச்சான். அது கன்னத்துல பட்டு வழியுறதுக்குள்ள க்ரீம பிதுக்கிட்டான். பிரஷ்ஷ ஒழுங்கா நனைக்கல. எங்க ஏரியா போர் தண்ணி உப்பு, நல்லா தண்ணி விட்டுச் சுத்திச் சுத்தித் தேச்சாத்தான் நுரையே வரும், இவன் நாலு சுத்து சுத்திட்டு பிளேட ஒடிச்சு கத்தில மாட்டுறான். "தம்பி, கொஞ்சம் ஊறட்டும்பா"ன்னேன். "புது பிளேடு ப்ரோ, ஸ்மூத்தா வரும்"ங்குறான். புது பிளேடுன்னா அடுத்தவன் ரத்தம் என்மேல படாது, அது ரொம்ப முக்கியம், நான் இல்லைங்கல. ஆனா காஞ்சு வெறச்சு நிக்கிற முடிய எந்த பிளேடாலயும் இழுக்காம அறுக்க முடியாதுய்யா! வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு மூணு நிமிஷம் ஊறுனாத்தான் முடி இளகும். வெறும் ரெண்டு நிமிஷம். அந்த நேரத்துல அவன் ஃபோன்ல ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கான்.

அடுத்து கத்திய எங்க வச்சான் தெரியுமா? கழுத்துல. கீழேருந்து மேல. எடுத்த எடுப்புலயே எதிர் ஷேவ்! எனக்கு கழுத்து முடி கீழ்ப்பக்கமா வளருது, இடது பக்கம் மட்டும் குறுக்கால போகுது, ஒரு தடவ வெரல வச்சுத் தடவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். முதல்ல முடி போற போக்குல வழிக்கணும், திருப்பி நுரை போட்டு குறுக்கால வழிக்கணும், எதிர்ல வழிச்சே ஆகணும்னா அது கடைசில, அதுவும் தோல் தாங்குறவனுக்கு மட்டும். இவன் தோல இழுத்துப் பிடிக்கவும் இல்ல, நுரை போன எடத்துல வறட்டு வறட்டுன்னு அதே எடத்தையே சொரண்டுறான், நான் பல்லக் கடிச்சுக்கிட்டு கண்ணாடியப் பாத்துட்டு இருக்கேன், ரத்தம் முத்து முத்தா வருது, உடனே ஒரு படிகாரக் கட்டிய எடுத்துத் தேய்க்கிறான். பிளேடு ஆளுக்கு ஒண்ணு, படிகாரம் மட்டும் ஊருக்கே ஒண்ணா? எனக்கு முன்னாடி அந்தச் சேர்ல உக்காந்தவன் ரத்தம் அதுல இருக்காதா? அப்புறம் ஆஃப்டர் ஷேவ கையில ஊத்தி பளார்னு ஒரு அறை. "எரியட்டும் ப்ரோ, எரிஞ்சா நல்லது." என்ன நல்லது? அறுந்த தோல்ல ஸ்பிரிட்ட ஊத்துனா எரியத்தான் செய்யும்!

வீட்டுலயே பண்ணிக்கோன்னு உடனே வருவீங்க. கடைல என்ன விக்கிறான்? ஒரே ரேசர்ல 1971ல ரெண்டு பிளேடு, 1998ல மூணு, 2006ல அஞ்சு. முதல் பிளேடு முடிய இழுக்கும், பின்னாடி வர்றது தோலுக்குக் கீழ வெட்டும், சுருட்டை முடின்னா அது உள்ளயே வளைஞ்சு வளந்து கட்டி கட்டியா வீங்கும். 1904ல ஜில்லெட் பேட்டன்ட் வாங்குன ஒத்த பிளேடு ரேசர் போதும்யா, முப்பது டிகிரி சாய்வுல, அழுத்தாம. அத ஒரு விளம்பரமாச்சும் சொல்லுதா? தாடிய ஊறவைக்கிற தண்ணிய விக்க முடியாது, அதான் அதையும் எவனும் சொல்ல மாட்டேங்குறான்.

இன்னொண்ணு, முடிச்சதும் தலையப் பிடிச்சு கழுத்த படக்குன்னு திருப்புனான் பாருங்க, அத யாருய்யா கேட்டா? கழுத்து நரம்பும் ரத்தக்குழாயும் போற எடம்யா அது! இனிமே எந்த சலூன்ல உக்காந்தாலும் முதல் வார்த்தையே அதான் சொல்லப்போறேன்: கழுத்துல கைய வைக்காத.