ஃபைபர் உடம்பு மட்டும் போதாது

"கண்ணிவாரிக் கப்பலே ஃபைபர்தான், கண்ணிவெடி அதை ஒன்றும் செய்யாது. போர் வந்தால் காசிமேட்டு ஃபைபர் படகுகளே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுக வழியைச் சுத்தம் செய்துவிடும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். கண்ணிவாரி என்றால் கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல். அவர் சொன்ன முதல் வரி பாதி உண்மை. மீதி தப்பு.

ஃபைபர் ஏமாற்றுவது இரும்பின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணியை மட்டும்தான். முட்டினால் வெடிக்கும் கண்ணிக்கு எதுவும் ஒன்றுதான். சத்தத்தைக் கேட்டு வெடிப்பது, கப்பல் கடக்கும்போது மாறும் நீரழுத்தத்தில் வெடிப்பது என்று வேறு வகைகளும் உண்டு. நம் அவுட்போர்டு இன்ஜின் போடும் சத்தம் தெரியும்தானே! பிரிட்டனின் சாண்டவுன் வகைக் கப்பல்களில் தேடும்போது மட்டும் ஓட்ட, சத்தம் குறைந்த மின்மோட்டார் தனியாக வைத்தார்கள். அவை கண்ணியை வாருவதும் இல்லை. சோனாரால், அதாவது ஒலியலையை அனுப்பி நீருக்குள் தேடும் கருவியால், கண்டுபிடித்து, தொலைவிலிருந்து இயக்கும் சின்ன நீர்மூழ்கிக் கருவியை அனுப்பி அழிப்பவை. வாருவது வேறு வேலை: வெட்டுக்கருவி பூட்டிய கம்பியை இழுத்துப்போய் கண்ணியின் நங்கூரக் கம்பியை அறுப்பது, அல்லது பெரிய கப்பலின் காந்தத்தையும் சத்தத்தையும் பொய்யாக உண்டாக்கி வெடிக்க வைப்பது.

மீன்பிடிப் படகுகளை இதில் இறக்கியதே இல்லை என்று சொல்லவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டன் இழுவலைப் படகுகளை இறக்கியது, நிறைய பேர் செத்தார்கள்.

அப்புறம், நம் கடற்படையின் கடைசி கண்ணிவாரிக் கப்பல் ஐஎன்எஸ் கோழிக்கோடு. 1988-ல் சேர்ந்தது, 2019 ஏப்ரலில் ஓய்வு பெற்றுவிட்டது.