அறைக்குள்ளும் உழக்குகிறேன், நிலாவெளி ரோட்டிலும் ஓடுகிறேன்

"வீட்டுக்குள்ளேயே மெஷின் இருக்குத்தானே பிள்ளை, பிறகேன் விடியாத நேரத்தில ரோட்டுக்குப் போறாய்?" போன கிழமை மாமி கேட்டா. அதே கிழமைதான் கூட ஓடுகிற தம்பி ஒருவர், "ஸ்டாண்டில வைச்சு உழக்கிறதெல்லாம் சைக்கிள் ஓட்டமா அக்கா?" என்றார். மாமிக்கு ரோட்டு தேவையில்லாததாகப் படுகிறது, தம்பிக்கு, சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டி வீட்டுக்குள்ளேயே உழக்குகிற அந்த ட்ரெயினர் மெஷின் போலியாகப் படுகிறது. இரண்டு பேருக்கும் அந்த இடத்தில் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

திருகோணமலையில் நான் சைக்கிளுக்குத் திரும்பி வந்தது 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில். ஸ்கூட்டியை மூடி வைத்துவிட்டு அப்பாவின் பழைய றலிச் சைக்கிளைத் துடைத்தெடுத்துப் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போனேன். உவர்மலை ஏற்றத்தில் முதல் நாள் இறங்கித் தள்ளினேன், இரண்டாம் கிழமை இறங்காமல் ஏறினேன். பெற்றோல் வந்த பிறகும் விட மனம் வரவில்லை. கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். சாம்பல்தீவு, நிலாவெளி, கன்னியா என்று தூரம் கூடியது.

தூரம் கூடினால் வேகமும் கூட வேண்டும் என்று ஆசை வரும். நாலு நிமிஷம் மூச்சு வாங்க உழக்கி, மூன்று நிமிஷம் மெதுவாக ஓடி, திரும்பவும் நாலு நிமிஷம். இந்தப் பயிற்சியை நிலாவெளி ரோட்டில் செய்துகொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் யுத்த மயானம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இடப்பக்கத்தால் ஒரு கன்றுக்குட்டி ரோட்டுக்கு ஏறியது. பிரேக் பிடித்த பிறகுதான் அதைக் கண்டேன் என்றே சொல்ல வேண்டும். கரை மணலில் சரிந்து முழங்கை உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் எழும்பிப் பார்த்தால் தாய் மாடு, இன்னும் ஏழெட்டு மாடு, பின்னால் மேய்ப்பவர், எல்லோரும் ரோட்டோரத்தில்தான் நிற்கிறார்கள். அத்தனையையும் நான் காணவில்லை. அந்த இளைப்பில் தலை குனிந்துவிடுகிறது, கண்ணுக்கு முன்சில்லும் அதற்கு முன்னால் இரண்டு பாகத் தூரத் தார் ரோட்டுமே தெரிகிறது. மாடுகள் வீடு திரும்புகிற நேரத்தில், மாடுகள் போகிற ரோட்டில் நான் செய்யக்கூடாத வேலையைச் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் கனடாவிலிருந்து வந்த மச்சான் தன் பழைய ட்ரெயினரைக் கொண்டுவந்து தந்தார். பெரிய சாமான் ஒன்றுமில்லை. பின்சில்லை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாண்ட், ரயரில் உரசிச் சுழலும் இரும்பு உருளை, அதற்குக் காந்தத்தால் பாரம். இணையத்தோடு இணைகிற வகை அல்ல. கடினமான பயிற்சி முழுவதையும் இப்போது அதில்தான் செய்கிறேன். ரோட்டில் ஒரு மணித்தியாலம் ஓடினால் சந்தி, வேகத்தடை, பஸ் நிறுத்தம் என்று எத்தனையோ இடத்தில் கால் சும்மா இருக்கும். ஸ்டாண்டில் உழக்குவதை விட்டால் சில்லு நின்றுவிடும். அதனால் 45 நிமிஷமே எனக்குப் போதும்.

வெக்கையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் அதுதான் பெரிய விஷயம். உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது. மிச்சமெல்லாம் சூடு. 100 வாட் உழக்கினால் கிட்டத்தட்ட 300 வாட் சூட்டை உடம்பு வெளியே தள்ள வேண்டும். ரோட்டில் எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி அந்த வேலையைச் செய்துவிடும். அறைக்குள் காற்று எங்கே? முதல் நாள் ஃபேன் இல்லாமல் ஏறினேன். அதே கியர், அதே வேகம், ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கால் பார்க்க நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. தோலைக் குளிரவைக்க இதயம் கூடுதலாக வேலை செய்கிறது. அரை மணித்தியாலத்தில் தலை சுற்றி இறங்கிவிட்டேன். இப்போது நெஞ்சுக்கு நேரே ஸ்டாண்ட் ஃபேன், பக்கத்தில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். கரண்ட் இல்லையென்றால் அன்றைக்குப் பயிற்சியும் இல்லை.

வியர்வை சைக்கிளையும் தின்னும். ஒரு மாரி முழுக்க அறைக்குள் ஓடிவிட்டு ஹாண்டிலைச் சரிசெய்யப் பார்த்தால், அதன் நடு போல்ட் செம்மஞ்சளாகத் துருவேறி, சாவி பிடிக்க மறுத்தது. மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த இடம் சரியாக அதுதான். சைக்கிள் கடை ஐயா துளை போட்டுத்தான் எடுத்தார். கடல் காற்றும் சேர்ந்த ஊர். ஹாண்டிலுக்கு மேல் பழைய துவாயைப் போடுங்கள், இறங்கியவுடன் ஈரத்துணியால் துடையுங்கள்.

அந்த மாரிதான் எனக்கு மற்றப் பாடத்தையும் தந்தது. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை ரோட்டுப் பக்கமே போகவில்லை. மாசியில் கால் நல்ல பலமாக இருக்கிறதென்ற நம்பிக்கையோடு இறக்கக்கண்டிப் பாலம் வரை போனேன். கால் பலமாகத்தான் இருந்தது. ஆனால் பாலத்தில் கடற்பக்கத்துக் காற்று அடித்தபோது கை விறைத்து, சைக்கிள் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. பின்னால் ஒரு லொறி. இறுகப் பிடித்த ஸ்டாண்டில் சைக்கிள் சரியாது. இடுப்பாலும் தோளாலும் நாம் நினையாமலே செய்கிற சின்னச் சின்னத் திருத்தங்கள் மூன்று மாதத்தில் மறந்துபோகின்றன. உள்ளங்கை மரத்து, கழுத்துப் பிடித்து, திரும்பி வந்து சேரப் போதும் போதுமென்றாகிவிட்டது.

அவுஸ்திரேலிய சைக்கிள் வீரர் மாத்யூ ஹேமன் 2016 பெப்ரவரி கடைசியில் கை எலும்பு முறிந்து, வீட்டுக்குள் ட்ரெயினரிலேயே பயிற்சி செய்து, அந்த ஏப்ரலில், கல்லுப் பதித்த கரடுமுரடான ரோட்டுகளில் நடக்கிற பாரிஸ்–ரூபே சைக்கிள் போட்டியை வென்றார். மெஷினைப் போலியென்று சொல்கிற தம்பிக்கு இதைச் சொன்னேன். ஆனால் அந்தக் கல்லுப் பாதையில் எங்கே எப்படிப் பிடிப்பது என்பது பல வருஷம் அதே போட்டியை ஓடி அவர் கையில் ஏற்கெனவே ஊறியிருந்தது. எனக்கு அப்படி ஊறவில்லை. ஆகவே இப்போது மாரியிலும் மழை விட்ட ஒரு நாளைத் தவறவிடுவதில்லை. பங்குனி, சித்திரையில் ரோட்டு மூன்று நாள், அறை ஒரு நாள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எழும்பினால் வெயில் ஏறமுன் 7 மணிக்குள் வீடு வந்துவிடுவேன். ரோட்டில் கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்துக்கு மேல் போவதில்லை. கோணேசர் கோயில் ஏற்றத்திலும் அப்படித்தான். மானும் அடியார்களும் போகிற பாதை அது.

மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் ஜிம்மில் இருக்கிற சைக்கிளில் செய்யலாம். சீட் உயரத்தை மட்டும் உங்கள் சைக்கிளுக்குச் சரியாக வையுங்கள், இல்லையென்றால் முழங்கால் நோகும்.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். அவ பயத்தில்தான் கேட்கிறா, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் இதே கேள்வியை எங்கள் ஊரில் ஒரு ஆணிடம் எவரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை. களைத்த நாளில், மழை நாளில் நானே அறையைத் தெரிவு செய்கிறேன். மெஷின் இருக்கிறதே என்று சொல்லி என்னை உள்ளே இருத்த அது காரணமாகக் கூடாது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்க முன்பு அப்பா இந்த றலியைப் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு வேலைக்குப் போவார். இன்றைக்கு விடியப்புறம் அதே தண்ணீருக்கு மேலாக நான் ஓடிப்போகிறேன், கீழே தோணிகள் வலை இழுத்துக்கொண்டிருக்கின்றன. இதை எந்த அறைக்குள் வைத்து ஓடுவது?

போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளையொன்று, "டீச்சர், எனக்கும் கியர் மாத்தக் காட்டித் தாங்கோ" என்று கேட்டது. சனிக்கிழமை விடிய 5.30க்கு அவவும் தாயும் கோட்டை வாசலுக்கு வருகிறார்கள். சாம்பல்தீவு வரை மெதுவாகப் போய்த் திரும்புவோம். வர விரும்புகிற தங்கச்சிமார், அக்காமார் உள்பெட்டியில் சொல்லுங்கள். பின்லைட் கட்டாயம், எந்தச் சைக்கிளென்றாலும் பரவாயில்லை.