கத்திக்கு இருபது நிமிடம், உறைக்கு மூன்று வார்த்தை

இதைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நேற்று ராத்திரி வரைக்கும் என்னை வைத்து நடந்த கூத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு தம்பி போட்ட கத்தி விமர்சன வீடியோவும், அதன் கீழே நான் எழுதிய ஒரு கேள்வியும்தான் விஷயம். கத்தி, ஒரு சின்ன மீட்புக் கத்தி. மடக்குக் கத்தி இல்லை, நிலையாக நிற்கும் அலகு. முனை மழுங்கல், விளிம்பில் பாதி வழவழப்பு, பாதி ரம்பப் பல். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை ஓட்டுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டில் நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்ளும் வகை. தம்பி இருபது நிமிடம் பேசினார். எஃகு, கடினம், எடை, கைப்பிடி எல்லாம் வந்தது. தொங்கவிட்ட காகிதத்தைச் சர்ரென்று கிழித்தார். முழங்கை முடியை மழித்துக் காட்டினார். ஆற்றில் யாருக்கு மழிக்கப் போகிறாரோ தெரியவில்லை. கடைசியில் உறைக்கு வந்தார். "உறையும் நன்றாகவே இருக்கிறது." எண்ணிப் பாருங்கள், மூன்று வார்த்தை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தீர்களா தம்பி?" மரியாதையாகத்தான் கேட்டேன். வந்த பதில்: "அண்ணே, நான் கத்தியை விமர்சனம் பண்றேன், பர்ஸை இல்ல." அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அப்புறம் எனக்கு 'உறையண்ணன்' என்று பட்டப்பெயர். நல்லது. இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் தம்பி, மீட்புக் கத்தியில் பாதி உறைதான். பாதி என்றுகூட ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தக் கத்தி தன் ஆயுளில் 99 சதவீதத்தை உறைக்குள்தான் கழிக்கப் போகிறது. மீதி நேரத்தில் அது செய்யும் வேலை ஐந்து விநாடி வேலை. அந்த ஐந்து விநாடி வரும்போது கத்தி அங்கே இருக்க வேண்டும், கைக்கு வர வேண்டும். இரண்டுமே உறையின் பொறுப்பு. மற்ற நேரத்தில் வராமலும் இருக்க வேண்டும். அதுவும் உறையின் பொறுப்பு. பிடி விடவே கூடாது, தேவைப்பட்டால் உடனே விட வேண்டும். இப்படி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலையைச் செய்யும் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு உங்களிடம் இருப்பது மூன்று வார்த்தை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடம் ஆகிறது. ஒரு ராஃப்ட், அதாவது காற்றடைத்த ரப்பர் படகு, ஆற்றுப் பாறையில் போய் அப்பிக்கொண்டது. அதிலிருந்து ஒரு கயிறு அவிழ்ந்து தண்ணீரில் கிடந்தது. கீழே விழுந்த நண்பனின் கணுக்காலில் அது சுற்றிக்கொண்டது. நீரோட்டம் அவனைக் கீழே இழுக்கிறது, கயிறு அவனை விட மறுக்கிறது. தலை மேலே வருகிறது, போகிறது. நான் பாறை மேல், கயிற்றுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறேன். கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது. அப்படி விறைத்த கயிற்றை அறுக்க உயர்ந்த எஃகெல்லாம் வேண்டாம், சுமாரான கத்தியைத் தொட்டு இழுத்தாலே போதும். நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். உறை இருந்தது. கத்தி இல்லை.

விரலை அந்த உறையின் வாய்க்குள் விட்டுத் துழாவியது இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே கொஞ்சம் மணல் இருந்தது. அவ்வளவுதான்.

அன்று காலையில் ஓர் ஆபத்தான இறக்கத்தைத் தவிர்க்கக் கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் புதருக்குள் நடந்தோம். ஏதோ ஒரு கிளை கைப்பிடியில் மாட்டி உருவியிருக்க வேண்டும். பூட்டு இல்லாத உறை, வெறும் இறுக்கத்தில் நிற்பது. மேஜையில் வைத்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. "உறையும் நன்றாகவே இருக்கிறது" என்று அன்று நானும்தான் சொல்லியிருப்பேன். பின்னால் வந்தவர் ஒருவரின் கத்தியில் கயிறு டப்பென்று அறுந்தது. அவன் பிழைத்தான். கயாக் கற்க வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வார்கள், கயிறு எடுத்துப் போனால் கத்தியும் எடுத்துப் போ என்று. நானும் எடுத்துத்தான் போனேன்.

அதற்காக இறுக்கமான உறை நல்ல உறை என்று நான் சொல்லவில்லை. அதையும் திரித்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் அழுத்தினால் விடும் வகை இருக்கிறதே, அந்தப் பொத்தானின் இடுக்கில் ஆற்று மணல் போனால் விரல் வலிக்க அழுத்த வேண்டும். குளிரில் விறைத்த கையோடு, நனைந்த கையுறையோடு அதைச் செய்து பாருங்கள். அதனால் புதிதாக ஒரு கத்தி வந்தால் நான் செய்வது இதுதான். உறையை ஜாக்கெட்டில் மாட்டுவேன், கையில் வைத்துக்கொண்டு சோதிப்பதில் அர்த்தமே இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி மணலைப் போட்டு உறையை முக்கிக் குலுக்குவேன். கண்ணை மூடி வலது கையால் 25 தடவை, இடது கையால் 25 தடவை உருவுவேன். இடது கை எதற்கு என்கிறீர்களா? வலது கையால் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பீர்கள், அநேகமாக உங்கள் உயிரை.

திரும்பச் சொருகுவதையும் பார்க்க வேண்டும். இதை யாருமே பார்ப்பதில்லை. உறையின் வாய் குறுகலாக இருந்தால், பார்க்காமல் சொருகும்போது அலகு வெளியே வழுக்கிக்கொண்டு போகும். அப்படி ஒரு தடவை என் சொந்த லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையையே பாதி அறுத்தேன். உயிர் காக்கும் கத்தியால் உயிர் காக்கும் ஜாக்கெட்டை அறுத்த புண்ணியவான் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரியுங்கள், இதற்குச் சிரித்தால் கோபமில்லை.

'அப்படியானால் எஃகு முக்கியமே இல்லையா' என்று ஒருவர் கேட்டார். முக்கியம்தான். 440சி நல்ல எஃகுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் கவனிக்காமல் விட்டால் புள்ளி விழும். எச்1 மாதிரி கார்பனை வெகுவாகக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எஃகு துருவை அப்படித் தாங்கும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. சரி, கத்தி எங்கே கிடந்து துருப்பிடிக்கிறது? உறைக்குள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இல்லாத உறையும், ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் தோல் உறையும் எவ்வளவு நல்ல எஃகுக்கும் எமன். பார்த்தீர்களா, எங்கே சுற்றினாலும் உறைக்குத்தான் வந்து நிற்கிறோம்.

முனை மழுங்கலாக இருப்பதைக் குறை சொன்னவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. தத்தளிக்கிறவன் உடம்புக்கும் பட்டைக்கும் நடுவே கூர்முனையை விட்டுப் பாருங்கள், தெரியும். காரில் சீட் பெல்ட் அறுக்கத்தான் இந்தக் கத்தி என்கிறவர்களுக்கு, ரம்பப் பல் உதவும், ஆனால் தளர்ந்த பட்டையை எந்தப் பல்லும் லேசில் அறுக்காது. இன்னொரு கையால் பட்டையை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆக, உருவுவதற்கு மிச்சம் ஒரு கைதான்.

'உறை பிடிக்கவில்லை என்றால் வேறு உறை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே' என்று ஒரு மேதை. செருப்புக் கடித்தால் வேறு கால் வாங்கிக்கொள் என்பது மாதிரி இருக்கிறது. இந்த வகைக் கத்திகளில் கைப்பிடியின் பள்ளமும் உறையின் கொக்கியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. ஒன்றை மாற்றினால் இன்னொன்று செத்தது. கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடுபடுத்தி வளைத்து நீங்களே உறை செய்வீர்கள் என்றால் செய்யுங்கள், கும்பிடுகிறேன். வீடியோ பார்த்து முதல் கத்தி வாங்கும் பையன் செய்வானா?

கடைசியாக ஒருவர் எழுதியிருந்தார். 'புதரைத் தாண்டியதும் கத்தி இருக்கிறதா என்று பார்க்காதது உங்கள் தப்பு. உறை மேல் பழி போடாதீர்கள்.' எல்லாக் கருத்திலும் இது ஒன்றுதான் சரியான கருத்து. ஆமாம், என் தப்பு. அதற்குப் பிறகு கயாக்கில் ஏறும் ஒவ்வொரு தடவையும் என் கை தானாக நெஞ்சுக்குப் போகும். கரையில் நடக்கும்போதும் போகும். சில நாள் லைஃப் ஜாக்கெட் போடாமல் நிற்கும்போதும் போகும். இதை என்னிடம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நான் வருத்தப்படுவது அதற்கில்லை. அந்தத் தம்பிக்கு என்னைத் தெரியாது, சிரித்தார், விடுங்கள். சிரிப்புக் குறி போட்டவர்கள் பட்டியலை ராத்திரி ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அன்று கணுக்காலில் கயிறு சுற்றிக் கிடந்தானே, அவன் பெயரும் அதில் இருந்தது. மறந்திருக்க மாட்டான். பத்துப் பேர் சிரித்தால் கூடச் சிரிப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்கிறேன். டேய், இதைப் படிப்பாய் என்று தெரியும். போன் பண்ணாதே.

அப்புறம் தம்பி, "அவ்வளவு தெரிந்தால் நீங்களே விமர்சனம் பண்ணுங்க, கத்தியை அனுப்பறேன்" என்று எழுதியிருந்தீர்களே. சரி, அனுப்புங்கள். உறையோடு அனுப்புங்கள். மணல் என்னிடம் இருக்கிறது.