கூரை கிளெய்ம்: எக்ஸஸோடு முடிகிற கணக்கு இல்லை

வீட்டு இன்சூரன்ஸில் கூரைச் சேதத்துக்குக் கிளெய்ம் போடுவது பற்றி வந்த ஒரு கட்டுரை, எக்ஸஸ் தொகையை, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையிலிருந்து போகிற பங்கை, நாம் கட்டினால் போதும், மீதியை இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கூரைக்கு கிளெய்ம் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். புயல் பிய்த்த ஷீட்டுக்குத்தான் பணம், நாள்பட்டு இற்றுப்போனதற்கு இல்லை. சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புகிற அசெஸர் ஏணியில் ஏறியதும் ஆணியைச் சுற்றித் துரு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார், இருந்தால் 'பராமரிப்பு இல்லை' என்று எழுதிவிடுவார்.

அதைவிடப் பெரிய அடி இந்த ஆவரேஜ், அதாவது வீட்டைக் குறைந்த தொகைக்கு இன்சூர் செய்திருந்தால் கிளெய்ம் பணத்தையும் அதே விகிதத்தில் குறைக்கிற விதி. திரும்பக் கட்ட 20 லட்சம் ராண்ட் ஆகிற வீட்டை 10 லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால், 1 லட்சம் சேதத்துக்கு 50 ஆயிரம்தான் கணக்கு, எக்ஸஸும் அதிலேயே கழியும். வீடு வாங்கின பழைய விலையை அப்படியே விட்டு வைத்திருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

தார்ப்பாய் போடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் பெரும்பாலும் பதிவு பெற்றவர்கள்தான் கழற்றலாம், அந்தச் செலவு பாலிசியில் உண்டா என்று இப்போதே கேளுங்கள். கிளெய்மைக் கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி 90 நாளுக்குள் கம்பெனிக்கே மறுப்பு எழுதலாம், அதற்கும் மசியவில்லையா, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பு அமைப்பான நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கக் காசு கிடையாது.